சிவப்பாகப் பூக்கக் கூடாது

நோட்டீஸ் வாசல் கதவில் ஒட்டியிருந்தது. நாலு மூலைக்கும் டேப் போட்டு, மட்டப்பலகை வைத்துப் பார்த்து ஒட்டினது போல அத்தனை நேராக இருந்தது. வேலை முடிந்து வந்த கலர்காரர் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே அதை மூன்று தடவை படித்தார்.

"விதி பதினேழு. வீட்டின் முன்புறம் சிவப்பு நிறத்தில் பூக்கும் எந்தச் செடியும் வைக்கக் கூடாது. தங்கள் வாசலில் உள்ள காகிதப்பூச் செடியைப் பதினான்கு நாட்களுக்குள் அகற்றவும். இப்படிக்கு, குடியிருப்போர் சங்கச் செயலாளர்."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நோட்டீஸோடு சேர்த்து விதிப் புத்தகத்தின் நகல் ஒன்றும் கதவிடுக்கில் செருகியிருந்தது. மொத்தம் இருபத்து நாலு விதிகள். சுவருக்கு இந்த வெண்ணெய் நிறம்தான் அடிக்க வேண்டும், கேட் கறுப்பாக இருக்க வேண்டும், வேலி இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் சரி, ஒழுங்கு பிடித்தவர்கள் எழுதியது என்று விட்டுவிடலாம். ஆனால் செடிகளில் முள் இருக்கலாமாம், பால் வடியலாமாம். தின்றால் ஆளைக் கொல்லும் அரளியைக்கூட மஞ்சளாகப் பூத்தால் வைத்துக்கொள்ளலாமாம். சிவப்பு மட்டும் ஆகாது. சிவப்பு இவர்களை என்ன செய்தது?

அவருக்குக் கலர்காரர் என்று பெயர் வந்தது பட்டறையில். அடிபட்டு வரும் கார்களுக்குப் பழைய நிறத்தோடு ஒட்டிப்போகிற மாதிரி பெயிண்ட் கலக்குவது அவர் வேலை. வெள்ளையில் மட்டும் அறுபது வகை சொல்லுவார். வெயிலில் நாலு வருஷம் நின்ற வெள்ளைக்கும் நிழலில் நாலு வருஷம் நின்ற வெள்ளைக்கும் வித்தியாசம் சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதரிடம் வந்து பொத்தாம்பொதுவாகச் சிவப்பு என்று எழுதினால் கோபம் வராமல் என்ன செய்யும்?

கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. பயம் மனைவியை நினைத்து. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு, தன் காலடியில் உள்ள பிரேக்கை நம்பி உட்கார்ந்திருக்கிறவள். ஒரு தடவை முடிவெடுத்தால் எடுத்ததுதான். கலர்காரரின் அம்மா போன வருஷம் இறந்து, இந்த வீடு அவருக்கு வந்தபோது, ஏழாவது மாடி வாடகை வீட்டை விட்டு வர அவளுக்கு இஷ்டமே இல்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "கேட்டு மேல சிவப்பா காகிதப்பூ படரணும். அதைப் பார்த்துட்டே நான் வீட்டுக்குள்ள வரணும். அது இல்லன்னா எனக்கு அந்த வீடே வேணாம், வித்துடுங்க." அவர் சரி என்றார். பட்டறையை மாற்றிக்கொண்டு, சாமான் ஏற்றி, வந்து இரண்டு மாதம் ஆகிறது. செடி இப்போதுதான் கேட்டின் தலையைத் தொட்டு முதல் கொத்து பூத்திருந்தது.

அவள் நோட்டீஸை ஒரே தடவைதான் படித்தாள்.

"செடி போனா நானும் போறேன். என்ன கலர்ல பூக்கணும்னு பூவுக்கே உத்தரவு போடுற தெருவுல எனக்கு என்னங்க வேலை?"

"பேசிப் பாக்குறேன், இரு."

"பேசுங்க. பதினாலு நாள் இருக்கு."

மறுநாள் காலையே அவர் செயலாளர் வீட்டு மணியை அடித்தார். செயலாளர் லிஃப்ட் பரிசோதகர். இந்தத் தெருவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேறு யாரும் அந்தப் பொறுப்பை ஏற்காததால் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். கலர்காரர் கையோடு ஷேடு அட்டைக் கட்டைக் கொண்டுபோயிருந்தார். நூற்றுக்கணக்கான நிறத் துண்டுகளைக் கோத்த கட்டு அது. ஒரு பூவைப் பறித்து அட்டை அட்டையாக வைத்துக் காட்டினார்.

"பாருங்க சார். இது சிவப்பு. இதுக்கும் பூவுக்கும் சம்பந்தமே இல்ல. பூ எங்க ஒக்காருது? இங்க. இது மெஜந்தா. நீலம் கலந்திருக்கு. உங்க விதி இதுக்குப் பொருந்தாது."

செயலாளர் பொறுமையாகப் பார்த்தார். நல்ல மனிதர்தான். "சார், பத்து பேர் ஏறுற லிஃப்ட்டுல பதினோராவது ஆள் வந்து, நான் ஒல்லி, என்னைக் கணக்குல சேர்க்காதீங்கன்னா விட முடியுமா?"

"நான் சொல்றது எடை இல்ல சார், நிறம்."

"தெருவுல போற யாரைக் கேட்டாலும் சிவப்புன்னுதான் சொல்லுவாங்க."

கலர்காரர் அதையும் விடவில்லை. தெருவில் போன மூன்று பேரை நிறுத்திக் கேட்டார். முதல் ஆள் சிவப்பு என்றார். இரண்டாவது ஆள் சிவப்பு என்றார். மூன்றாவது ஆள் கொஞ்சம் யோசித்து, நல்ல சிவப்பு என்றார். கலர்காரர் அட்டைக் கட்டை மடக்கிப் பையில் போட்டார்.

"சரி, சிவப்புன்னே வச்சுக்குவோம். ஏன் கூடாது? காரணம் என்ன?"

செயலாளர் உள்ளே போய்க் கூட்டக் குறிப்பு நோட்டைக் கொண்டுவந்தார். எல்லா விதிக்கும் எப்போது போட்டது, எதற்காகப் போட்டது என்று எழுதியிருந்தது. வேலி உயரத்துக்கு, கார் திரும்பும்போது மறைக்கிறது என்று காரணம். சுவர் நிறத்துக்கு, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்க என்று காரணம். பதினேழாவது விதி நாலு வருஷத்துக்கு முன்னால் போட்டது. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று மட்டும் இருந்தது. காரணம் எழுதவில்லை.

"எனக்கும் தெரியல சார். நான் வர்றதுக்கு முந்தி போட்டது. விதி இருக்குற வரைக்கும் நான் நோட்டீஸ் விட்டுத்தான் ஆகணும். வேணும்னா விதியை எடுக்கச் சொல்லி மனு குடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுறேன்."

கலர்காரர் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தார். ஆனால் காரணம் தெரியாமல் எதை எதிர்த்துப் பேசுவது? அவர் தெருவில் பழைய ஆட்களாகப் பார்த்துக் கேட்கக் கிளம்பினார்.

நாலாம் நம்பர் வீட்டுப் பல் டாக்டர், கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கேள்வியைக் கேட்டதும் கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது. "குளவி வரும் தம்பி. சிவப்புப் பூன்னா குளவி மொய்க்கும். புள்ளைங்க நடமாடுற தெரு பாருங்க." குளவிக்குச் சிவப்பு சரியாகவே தெரியாது என்று கலர்காரர் எங்கேயோ படித்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கார் போய்விட்டது.

முனை வீட்டில் இருப்பவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தபால்காரர். இந்தத் தெருவின் கடிதங்களை முப்பது வருஷம் கொண்டுவந்து போட்டுவிட்டு, கடைசியில் இங்கேயே வீடு வாங்கிக் குடிவந்தவர். அவர் வேறு கதை சொன்னார். "முனையில வண்டி திரும்புறப்போ தூரத்துல சிவப்பா ஏதாவது தெரிஞ்சா சிக்னல்னு நெனச்சு பிரேக் போடுறாங்கப்பா. பின்னாடி வர்றவன் வந்து இடிக்கிறான்."

"காகிதப்பூவைப் பார்த்து சிக்னல்னு யாருங்க நினைப்பாங்க?"

"நினைக்கிறாங்களே," என்றார் தபால்காரர், தரையைப் பார்த்தபடி.

எதிர்வீட்டு பேக்கரி அக்கா, கடைக்குப் போகிற அவசரத்தில் கேட்டைப் பூட்டிக்கொண்டே, உதிர்ந்த இதழ் தரையில் கறை பிடிக்கும், டைல்ஸில் பிடித்தால் போகவே போகாது என்றாள். மற்ற இரண்டு வீடுகளில் கதவே திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

கலர்காரருக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஒரே விதிக்குக் குளவி, சிக்னல், கறை என்று ஆளுக்கொரு காரணம். ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் வாயில் வரவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் என்ன பொய் என்று சேர்ந்து பேசி வைத்துக்கொள்ள மாட்டார்களா? அதுவும் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குடிவந்த நாளிலிருந்தே இப்படித்தான். வணக்கம் சொன்னால் பதில் வரும், அதற்கு மேல் ஒரு சொல் வராது. தான் தூரத்து ஊரிலிருந்து வந்தவன் என்பதாலோ, பட்டறை உடுப்பில் தெருவில் நடப்பதாலோ என்று ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். மனைவி சுருக்கமாகச் சொல்லிவிட்டாள்: "நம்மளப் பிடிக்கல. அதுக்கு ஒரு விதி வேணும், வச்சிருக்காங்க."

"நாலு வருஷம் முந்தியே நாம வருவோம்னு தெரிஞ்சா?"

அவளும் குழம்பித்தான் போயிருந்தாள். ஆனாலும் பழைய ஏழாவது மாடியில் வீடு காலியாக இருக்கிறதா என்று போன் போட்டு விசாரித்துவிட்டாள். காலியாகத்தான் இருந்ததாம்.

கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, ரொட்டி வாங்குகிற சாக்கில் கலர்காரர் பேக்கரிக்குப் போனார். கடையில் கூட்டம் குறையும் வரைக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

"அக்கா, கறைன்னு சொன்னீங்க. உங்க வாசல்ல டைல்ஸே கிடையாது. வெறும் சிமெண்ட்டு."

பேக்கரி அக்கா ரொட்டியைப் பையில் போட்டவள் அப்படியே நின்றாள். அறுபத்தைந்து வயதுக்காரி, புருவத்தில்கூட மாவு ஒட்டியிருந்தது. கல்லாவில் நின்ற பெண்ணிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரைப் பின்பக்கம் அடுப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாவு மூட்டையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"நாங்க யாரும் நல்லா பொய் சொல்லல, இல்ல?"

"சுமாராத்தான் சொன்னீங்க."

"உங்க அம்மாகிட்ட வாக்கு குடுத்திருந்தோம் தம்பி. அவங்களே போய்ச் சேர்ந்துட்டாங்க, இனி வாக்கு என்ன வாக்கு. சொல்லிடுறேன்."

அம்மா என்ற சொல் இந்தப் பேச்சில் எங்கிருந்து வந்தது என்று கலர்காரருக்குப் புரியவில்லை.

"அவங்களுக்குக் கடைசி நாலு வருஷமா வழி மறந்துபோச்சு. வீட்டுக்குள்ள எல்லாம் சரியா இருப்பாங்க, சமைப்பாங்க, துணி மடிப்பாங்க. கேட்டைத் தாண்டினா போச்சு. இருபத்திரண்டு வீடும் ஒரே கலரு, ஒரே கேட்டு. நம்பரும் நெனப்புல நிக்காது. வேற யார் வீட்டுக்கோ போய்ச் சாவியைப் போட்டுத் திருப்புவாங்க. திறக்காது. பூட்டை மாத்திட்டாங்கன்னு அங்கயே உக்காந்து அழுவாங்க. டாக்டர் வீட்டு வாசல்ல எத்தனையோ தடவை. தபால்காரர் வீட்டுல ஒரு நாள் மழையில நனைஞ்சுட்டு உக்காந்திருந்தாங்க."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"சொல்லக் கூடாதுன்னு அவங்கதான் சொன்னாங்க. நல்லா தெளிவா இருந்த ஒரு நாள் எங்க எல்லாரையும் கூப்பிட்டு, என் புள்ளைக்குத் தெரிஞ்சா ஏழாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுவான், என்னை இங்கயே விடுங்கன்னு அழுதாங்க. என்ன செய்யச் சொல்ற?" அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மாவு இன்னும் பரவியது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் அவங்களுக்கு மறக்கல. கேட்டு மேல சிவப்புப் பூ இருந்தா அது என் வீடு. அப்ப தெருவுல பாதி வீட்டுல சிவப்பு இருந்துச்சு. அதான் கூட்டம் போட்டு விதி போட்டோம். உங்க அம்மா வீட்டைத் தவிர எல்லாரும் எடுத்துட்டோம். டாக்டர் ரெண்டு செம்பருத்தியை வெட்டினாரு. தபால்காரர் அவர் கையால வளர்த்த காகிதப்பூவை வேரோட எடுத்தாரு. என்னோட நாலு ரோஜாவும் அன்னிக்குப் பின்பக்கம் போனதுதான், வெயில் இல்லாம இன்னும் குச்சி குச்சியா நிக்குது. அப்புறம் உங்க அம்மா ஒரு நாள்கூட வழி தப்பல."

நேரில் அதிகம் வந்து பார்க்காமல், வாராவாரம் போனில் பேசிய அம்மாவைக் கலர்காரர் நினைத்துப் பார்த்தார். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, வேலை அதிகமா என்று நிதானமாக, தெளிவாகக் கேட்பாளே. வழி மறந்தவள் அப்படியா பேசுவாள்?

"போன்ல நல்லாத்தான் பேசினாங்க அக்கா."

"பக்கத்துல நான் உக்காந்திருப்பேன் தம்பி. என்ன கேக்கணும்னு காதுல சொல்லுவேன். அதை அப்படியே கேப்பாங்க. போனை வச்சதும், யாரு பேசினாங்கன்னு என்னைக் கேப்பாங்க. உங்க மகன்தான்னு நான் சொன்னா அத்தனை சந்தோஷம் வரும்."

அடுப்பின் மணி அடித்தது. அக்கா எழுந்து தட்டுகளை வெளியே இழுத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். "அவங்க போய்ப் பத்து நாள்கூட ஆகல, நீ ஆள் கூட்டிட்டு வந்து அந்தச் செடியை வெட்டின. வீட்டை வாடகைக்கு விடணும், முள்ளு குத்துதுன்னு சொன்னியாம். உனக்கு என்ன தெரியும், பாவம். ஆனா எங்களால பார்க்க முடியல. வெட்டின கையே மறுபடியும் அதே செடியை வைக்கவும், எங்களுக்கு என்ன நினைக்கிறதுன்னே தெரியல. காரணம் சொன்னா வெட்டினதையும் சொல்லணும். அதான் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னோம்."

கலர்காரருக்கு அந்தச் செடி மங்கலாகத்தான் ஞாபகம் வந்தது. அந்த வாரம் பெய்த மழையில் பூவெல்லாம் உதிர்ந்திருந்தது. ஏதோ முள் புதர், பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு இடைஞ்சல் என்று ஒரே வார்த்தையில் வெட்டச் சொன்னார். அது என்ன செடி, என்ன நிறத்தில் பூக்கும் என்றுகூட அவர் கேட்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லா நிறத்துக்கும் நம்பர் சொல்லுகிறவர், அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. மாவு மூட்டைமேல் உட்கார்ந்தபடியே அழுதார். அக்கா திரும்பிப் பார்க்காமல் ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும் வரை அவள் குறுக்கே பேசவில்லை. அவள் அப்படி இருந்து அவர் பார்த்ததே கிடையாது.

"செடியை எடுத்துடலாங்க," என்றாள். "விதி அத்தைக்காகப் போட்டது. அது இருந்துட்டுப் போகட்டும். நமக்கு என்ன, வெள்ளையில வச்சுக்குவோம்."

"செடி இல்லன்னா வீட்டை விக்கணும்னு சொன்னியே?"

"அப்ப சொன்னேன். இந்தத் தெருவை விட்டு இனி யாரு போவா?"

இத்தனை நாள் இதைக் கேட்கத்தான் தவம் கிடந்தார். கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. செடியை எடுத்தால் அம்மாவின் வாசலில் இரண்டாம் தடவை வெட்டினது போல ஆகும். செடியை வைத்துக்கொள்வதானால் விதியை எடுக்க வேண்டும். அம்மாவுக்காக இருபத்தோரு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போட்ட விதியை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தவரே அவர்தான். எந்தப் பக்கம் போனாலும் தப்பாகவே பட்டது. தூங்குவதற்கு முன்னால் மனுவை வாபஸ் வாங்கிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போனார், இரண்டு தடவையும் திரும்பி வந்து படுத்தார்.

கூட்டம் காலை பத்து மணிக்குச் சங்கத்து அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினைந்து பேர் இருந்தார்கள். பேக்கரி அக்கா எல்லோரிடமும் சொல்லியிருப்பாள் போல. பல் டாக்டர் எழுந்து வந்து கலர்காரரின் தோளைத் தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். தபால்காரர், "சிக்னல்னு சொன்னது கொஞ்சம் அதிகம்தான்," என்றார். விஷயம் தெரியாதவர் செயலாளர் ஒருவர்தான். எல்லோரும் ஏன் ஒரு மாதிரி இருக்கிறார்கள் என்று புரியாமல், குறிப்பு நோட்டைத் திறந்து வாசித்தார்.

"விதி பதினேழை நீக்கச் சொல்லி மனு வந்திருக்கு. நீக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. டாக்டர் தூக்கினார். தபால்காரர் தூக்கினார். பேக்கரி அக்கா முதல் ஆளாகவே தூக்கியிருந்தாள். மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தாள், கையைத் தூக்கவில்லை. கலர்காரரும் தூக்கவில்லை.

செயலாளருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. "சார், மனு குடுத்ததே நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப நீக்கணுமா, வேண்டாமா?"

"தெரியல சார்." அவர் எழுந்து நின்றார், எதற்கு நின்றோம் என்று தெரியாமல். "அம்மாவுக்காகப் போட்டது. நான் போய் அதை எடுக்கச் சொல்லலாமா? என்கிட்டக் கேக்காதீங்க. நீங்களே முடிவு பண்ணுங்க."

பேக்கரி அக்காதான் தூக்கிய கையை இறக்காமலே சொன்னாள்: "தம்பி, உங்க அம்மா இனி இந்தத் தெருவுல வழி தேட மாட்டாங்க. அவங்க நடந்தப்போ நாங்க வழி விட்டோம். இப்ப எனக்கு என் ரோஜாவுக்கு வெயில் வேணும். அதுவும் எத்தனை நாள் தாங்கும்? நீயும் தூக்கு. உன் கை இல்லாம எனக்கு அதை வாசல்ல கொண்டுவந்து வைக்க மனசு வரல."

கலர்காரர் அவளைப் பார்த்தார். அவள் கேட்பது நியாயம். நாலு வருஷம் ஒரு தெருவே தன் அம்மாவுக்காக நிறத்தை விட்டுக்கொடுத்திருக்கிறது. இப்போது அதைத் திருப்பிக் கேட்கிறார்கள், அதற்கும் அவரிடம் அனுமதி கேட்கிறார்கள். அன்றைக்குச் செடியை வெட்டும்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு, அம்மாவின் பெயரில் இந்தத் தெருவில் மிச்சமிருந்த ஒரே ஒன்றை எடுப்பதற்கு அவர் கை தூக்கினார்.

மனைவியும் தூக்கினாள். செயலாளர் விரலால் எண்ணி, எல்லோரும் சம்மதம் என்று எழுதிக்கொண்டார். நாற்காலிகள் நகர்ந்தன. அக்கா ரோஜாத் தொட்டிகளைத் தூக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் கையை இறக்கிவிட்டார்கள். கலர்காரர் மட்டும் தூக்கிய கையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். மனைவிதான் பக்கத்தில் வந்து, "போதுங்க, எண்ணிட்டாங்க," என்று அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.